பயந்தவர் சொல்லட்டும்

ஹாரர் கேம்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு கருத்து அசைக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கிறது. திகில் என்பது படைப்பாளியின் தனித்த பார்வையிலிருந்து பிறப்பது, அதில் ஆடுகிறவர் தலையிட்டால் நீர்த்துப்போகும் என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் ஒரு கூட்டத்தை உட்காரவைத்து ஆடச்சொல்லி, எல்லோருக்கும் பிடிக்கும்படி கேமை மழுக்கிவிடுகின்றனவாம். தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ வேலை செய்யும் இண்டி டெவலப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை, நிஜமான பயம் அவர்களிடமிருந்து வருவதும் அதனால்தான் என்கிறார்கள். ஒரு டெமோவை ஆடிவிட்டு, "இந்த இடம் எனக்கு வேலை செய்யல" என்று யாராவது எழுதினால் போதும். "உனக்குப் பயமா இல்லைன்னா இது உனக்கான கேம் இல்ல ப்ரோ" என்று உடனே பதில் வந்துவிடும்.

இப்படிச் சொல்கிறவர்கள் ஹாரரை நேசிக்கிறவர்கள். இதை மறுத்தாக வேண்டும் என்று நான் நினைப்பதும் அதனால்தான். அவர்கள் எதைக் காப்பாற்ற நினைக்கிறார்களோ அதையே இந்தக் கருத்து பட்டினி போடுகிறது.

முதலில் ஒரு எளிய விஷயம். ஓடித் தாவும் கேம் ஒன்றைச் செய்கிறவர், தான் வைத்த பள்ளம் தாண்ட முடிகிற அகலமா என்று தானே தாவிப் பார்த்துக்கொள்ளலாம். கார் பந்தய கேம் செய்கிறவர் வளைவில் வண்டி வழுக்குவதைத் தன் கையிலேயே உணரலாம். ஹாரர் செய்கிறவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. எந்தக் கதவு எப்போது திறக்கும், அந்த உருவம் எந்த மூலையில் நிற்கிறது, உறுமல் எத்தனை நொடி கழித்து ஒலிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த உறுமலைப் பதிவு செய்தவரே அவர்தான். தன் விரலால் தனக்கே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ஹாரர் கேமைப் பார்த்துப் பயப்படவே முடியாத ஒருவர் உலகத்தில் உண்டென்றால், அது அதைச் செய்தவர்தான். "படைப்பாளி தன் உணர்வை மட்டும் நம்பட்டும்" என்பவர்கள், பயம் வந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை அந்த ஒருவரிடமே கொடுக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடுகிறவருக்கும் முதல் முறைதான் உண்மையான முறை. இரண்டாம் தடவை ஆடும்போது அவரும் பாதி டெவலப்பராகிவிடுகிறார், கதவுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியும். கேம் துறையில் ஒருமுறை மட்டும் ஆடவைத்துக் கவனிக்கும் சோதனைக்கு 'கிளீனெக்ஸ் டெஸ்டிங்' என்று பெயர். பயன்படுத்தியதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது என்ற பொருளில் வைத்த பெயர் அது. மற்ற வகை கேம்களுக்கு இது ஒரு நல்ல பழக்கம். ஹாரருக்கு வேறு வழியே கிடையாது. எனவே ஒருவர் ஒரு டெமோவை முதன்முறையாக ஆடும் அந்தச் சில நிமிடங்கள், அதைச் செய்தவர் எவ்வளவு உழைத்தாலும் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத பொருள். அந்த நிமிடங்களில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது காணாமல் போய்விடுகிறது.

இது வெறும் கொள்கைப் பேச்சாக இருக்க வேண்டாம். இண்டி ஹாரரின் சிகரமாகப் பலரும் சொல்லும் 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' 2010-இல் வந்தது. சுவீடனில் உள்ள ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் செய்தது. கையில் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் மனம் தடுமாறும், வெளிச்சத்தில் நின்றால் துரத்துகிற உருவம் பார்த்துவிடும். நீர் தேங்கிய நிலவறையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு வர, பெட்டிக்குப் பெட்டி தாவி ஓட வேண்டியிருக்கும் அந்த இடத்தை ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள். தனிமேதையின் பார்வைக்கு உதாரணமாக எடுத்துக்காட்டப்படும் கேம் இது. ஆனால் அது வந்த பாதையைப் பாருங்கள். அந்தக் குழு 2006-இல் 'பெனும்ப்ரா' என்று ஒரு இலவசத் தொழில்நுட்ப டெமோவை வெளியிட்டது. அதற்குக் கிடைத்த வரவேற்புதான் 2007-இல் 'பெனும்ப்ரா: ஓவர்ச்சர்' என்ற முழு கேமாக ஆனது. அதில் சுத்தியலை எடுத்து நாயை அடிக்கலாம். மவுஸை வீசி வீசி அடிக்க வேண்டிய அந்தச் சண்டையை ஆடியவர்களும் விமர்சகர்களும் குறை சொன்னார்கள். 2008-இல் வந்த 'பிளாக் பிளேக்' பாகத்தில் சண்டை இல்லை. ஓடு, ஒளி, அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த 'ரெக்வியம்' பாகத்தில் எதிரிகளையே எடுத்துவிட்டுப் புதிர்களை மட்டும் வைத்தார்கள். அதற்கு முந்தையவற்றின் வரவேற்பு இல்லை. அடுத்துத்தான் அம்னீசியா வருகிறது. துரத்துவது இருக்கிறது, திருப்பி அடிக்கக் கருவி இல்லை.

ஆயுதம் உண்டு, ஆயுதம் இல்லை, எதிரியே இல்லை, எதிரி மட்டும் உண்டு. இந்த நான்கு படிகளையும் ஒரு மனிதர் அறையில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு படிக்கும் நடுவில், அந்த கேமை இருட்டறையில் ஆடிவிட்டு எங்கே பயம் போயிற்று என்று சொன்ன ஆட்கள் இருக்கிறார்கள்.

அம்னீசியாவில் இன்னொரு நுட்பம் உண்டு. ஓர் உருவத்திடம் மாட்டிச் செத்து, மீண்டும் அதே இடத்துக்கு வந்தால், பல இடங்களில் அது பழைய இடத்தில் இருக்காது. ஏன் அப்படி? ஒரே இடத்தில் மூன்றாம் முறை செத்தவரைக் கேட்டுப்பாருங்கள். முதல் முறை நெஞ்சு அடைத்தது, இரண்டாம் முறை பதற்றம், மூன்றாம் முறை எரிச்சல் மட்டும்தான் என்பார். அப்போது அவர் உருவத்தைப் பார்ப்பதில்லை, அது திரும்பும் நேரத்தைக் கணக்குப் போடுகிறார். பயம் எரிச்சலாக மாறும் அந்தக் கணத்தை டெவலப்பரால் தன் கேமில் உணரவே முடியாது. அவர் சாவதில்லை.

இதை நான் நேரில் பார்த்த இடம் ஒன்று. இட்ச் தளத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன டெமோ, ஒற்றை ஆள் செய்தது. பழைய அடுக்குமாடி வீடு, இரவு, மின்சாரம் போய்விட்டது. நடைபாதையின் கோடியில் குளியலறைக் கதவு. உள்ளேயிருந்து ஒரு பெண் ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்தால்தான் கதை நகரும். நான் திறக்கவில்லை. கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது, அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது அந்தக் குரல். அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சற்றுக் கழித்து முனகலுக்கு நடுவே ஒரு சின்ன மூச்சிழுப்பும், அதையொட்டிக் குழாயிலிருந்து சொட்டும் ஓசையும் காதில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அதே மூச்சிழுப்பு, அதே சொட்டு. மூன்றாவது முறை அது வருமென்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன், வந்தது. அந்தக் கணத்தில் கதவுக்குப் பின்னால் இருந்த பெண் மறைந்து, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு ஒலிக்கோப்பு மட்டும் மிஞ்சியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்தபோது எதுவும் தோன்றவில்லை.

நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினேன். எங்கே நின்றேன், என்ன கேட்டது, எதற்குப் பிறகு கை தளர்ந்தது என்று மட்டும். அந்த ஒலி இரண்டாம் சுற்று ஓடித் தான் கேட்டதே இல்லை என்று டெவலப்பர் பதில் எழுதினார். கேட்டிருக்க முடியாதுதான். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர், வந்ததும் திறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். பயந்து தயங்கி நிற்பவருக்குத்தான் அந்த ஒட்டுத்தையல் கேட்கும். அதாவது, அவர் வேலை எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு நேரம் ஆடுகிறவர் நிற்பார், அவ்வளவு சீக்கிரம் அது உடையும். அடுத்த பதிப்பில் முனகல் கொஞ்ச நேரம் கழித்து நடுவிலேயே நின்றுவிடுகிறது. பிறகு ஒன்றும் இல்லை, வெறும் நிசப்தம். அதற்கப்புறம் அந்தக் கதவின் முன் நிற்பது முன்னைவிடக் கொடுமை. அந்தத் தீர்வை நான் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியிருக்கவும் செய்யாது.

"ஆடுகிறவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டுமென்றே தெரியாது, துப்பாக்கி கொடு, மேப் கொடு என்பார்கள்" என்று சொல்கிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. அவர்கள் சொல்வது பாதி சரி. பூதத்தின் வேகத்தைக் கூட்டு, டார்ச்சுக்கு இன்னும் பேட்டரி வை என்று ஆடுகிறவர் எழுதும் வைத்தியத்தில் பெரும்பாலானவை உதவாது. அவற்றை ஒதுக்குவதற்கு டெவலப்பருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்கு என்ன நேர்ந்தது என்பதும் இரண்டு வேறு பேச்சு. முதலாவதில் ஆடுகிறவர் தவறலாம். இரண்டாவதில் அவரைவிட்டால் சாட்சி கிடையாது. எந்த அறையில் போனை எடுத்தேன், எங்கே சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தேன், எந்த ஓசைக்குப் பிறகு ஒலியைக் குறைத்தேன் என்பவை கருத்துகள் அல்லவே, நடந்தவை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறிவது சோம்பேறித்தனம்.

பார்க்கும் சூழலும் இதில் சேரும். டெவலப்பர் இருட்டறையில், நல்ல மானிட்டரில், விலையுயர்ந்த ஹெட்போனில் தன் கேமைச் செய்திருப்பார். நம் வீட்டு ஹாலில் ட்யூப்லைட் எரிகிறது, ஃபேன் சத்தம், சமையலறையில் குக்கர் விசில். பழைய லேப்டாப் திரையில் கரும்பழுப்பும் கறுப்பும் ஒன்றுதான். மூலையில் நின்ற உருவத்தை நான் பார்க்கவே இல்லை என்று இங்கிருந்து ஒருவர் சொன்னால், அது அவருடைய ரசனைக்குறைவு ஆகாது.

அடுத்த குற்றச்சாட்டு, கருத்துக் கேட்டால் கேம் மென்மையாகிவிடும் என்பது. 'ஃபாஸ்மோஃபோபியா'வை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பரில் எர்லி ஆக்சஸாக, அதாவது முடிக்காத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரே ஒரு டெவலப்பர் செய்தது. நான்கு பேர் சேர்ந்து பேய் வீட்டுக்குள் போய், எந்த வகைப் பேய் என்று கண்டுபிடிக்க வேண்டும். மைக்கில் நாம் பேசுவது பேய்க்குக் கேட்கும். ஆடியவர்கள் விரைவிலேயே பாதுகாப்பான இடங்களைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பேய் வேட்டைக்குக் கிளம்பினால் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினால் போதும், பிறகு சிரித்துப் பேசிக்கொண்டே காத்திருக்கலாம். இது எல்லோரும் பகிர்ந்துகொண்ட விஷயமானது. 2021-இல் வந்த மாற்றங்களில் வேட்டை நேரத்திலும் பேய்க்கு நம் குரல் கேட்கத் தொடங்கியது, கையில் எரியும் கருவி தெரியத் தொடங்கியது, அலமாரிக் கதவையும் அது திறந்தது. நண்பன் ஒருவன் பதற்றத்தில் "எங்கடா இருக்க?" என்று மைக்கில் கத்த, மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை அணைக்கும் அந்த நிமிடம் கேமுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான். ஆடுகிறவர்கள் எங்கே நிம்மதியாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட டெவலப்பர் அந்த நிம்மதியைப் பறித்தார். எங்கே பயமில்லை என்று ஆடுகிறவர் சொல்வது, பயத்தை எங்கே வைக்கலாம் என்ற வரைபடமாகப் பயன்பட்டிருக்கிறது.

எதிர்த்தரப்பு எப்போதும் நீட்டும் உதாரணம் 'ஹலோ நெய்பர்'. அடுத்த வீட்டுக்காரரின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் கேம். அவர் நம் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு நாம் வழக்கமாகப் போகும் வழியில் பொறி வைப்பார் என்பதுதான் அதன் சிறப்பு. 2016-இல் ஆல்ஃபா பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, யூடியூபில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 2017 டிசம்பரில் முழுப் பதிப்பு வந்தபோது பலர் ஏமாந்தார்கள். "பார்த்தீர்களா, ஊர் பேச்சைக் கேட்டதால் வந்த வினை" என்பது வாதம். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அங்கே ஓங்கி ஒலித்தது, பூட்டிய நிலவறைக்குள் என்ன இருக்கிறது என்று வீடியோ பார்த்தவர்கள் கட்டிய ஊகங்கள். வீடு மாடி மேல் மாடியாக வளர்ந்தது, விளங்காத புதிர்கள் பெருகின. ஜன்னல் வழியே நுழையும்போது தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்பாரோ என்ற, ஆடியவரின் உடம்பில் ஏற்பட்ட எளிய பயம் அந்தப் பெருக்கத்தில் புதைந்துவிட்டது. பார்வையாளர் கூட்டத்தின் ஆர்வமும், ஆடுகிறவர் தரும் சாட்சியமும் ஒன்றல்ல. இதை ஒன்றாக்கிப் பார்ப்பதில்தான் அந்த வாதம் வழுக்குகிறது.

அதே காரணத்தால்தான், ஸ்ட்ரீமர் அலறினால் போதும், அதுவே நல்ல ஃபீட்பேக் என்பதையும் ஏற்க முடியவில்லை. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வேலையே அலறுவதுதான். அந்த அலறலைக் குறிவைத்துச் செய்யப்படும் கேம்களில், காதைப் பிளக்கும் ஓசையும் திரையை நிறைக்கும் முகமும் தவிர ஒன்றும் இருப்பதில்லை. 'டார்க்வுட்' செய்த போலந்துக் குழு, ஜம்ப் ஸ்கேரை நம்பாத ஹாரர் என்றே தங்கள் கேமை அறிமுகப்படுத்தியது. மூன்று பேர், மூன்று ஆண்டுகள் எர்லி ஆக்சஸ், 2017-இல் முழுமை. அதில் இரவானால் ஜன்னல்களில் பலகை அடித்து, அலமாரியை நகர்த்திக் கதவை அடைத்து, ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. அடுத்த அறையில் ஒரு நாற்காலி நகரும் ஓசை. அப்போது ஆடுகிறவர் அலறமாட்டார், வாயே திறக்கமாட்டார். அந்த மௌனம் வீடியோவில் எடுபடாது. அதை அவரே பிற்பாடு எழுதிச் சொன்னால்தான் உண்டு.

இனி இரக்கத்தின் பேரால் சொல்லப்படுவதற்கு வருகிறேன். பாவம், வேலைக்குப் போய்வந்து ராத்திரி கண்விழித்துச் செய்கிறார், குறை சொல்லி மனதை நோகடிக்காதே என்பது. "சூப்பர் ப்ரோ, செம பயம்" என்று எழுதிவிட்டு நகர்வது இரக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மனிதருக்குத் தேவையான ஒன்று நம் கையில் இருக்கிறது, அதைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்து அனுப்புகிறோம். ஸ்காட் காத்தன் என்ற டெவலப்பரின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' வெளியிடும் முன்பு அவர் குழந்தைகளுக்காக ஒரு கேம் செய்திருந்தார், பீவர்களின் மரக்கடை பற்றியது. அதிலுள்ள பாத்திரங்கள் பொருட்காட்சியில் நிற்கும் இயந்திர பொம்மைகள்போல இருக்கின்றன, பார்க்கப் பயமாக இருக்கிறது என்று விமர்சித்தார்கள். அது அவரை மிகவும் புண்படுத்தியது, அவரே சொல்லியிருக்கிறார். பிறகு, தெரியாமலே பயமுறுத்தினேன் என்றால் தெரிந்தே பயமுறுத்தினால் என்ன என்று யோசித்தார். பீட்ஸா கடையின் காவலாளி நாற்காலியில் நம்மை உட்காரவைத்து, கேமராவில் இயந்திர பொம்மைகள் இடம் மாறுவதைப் பார்க்கவைக்கும் கேம் அப்படிப் பிறந்தது. இதை வைத்து, கடுமையாகத் திட்டினால் நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏளனம் அவருக்கு வலியை மட்டும்தான் தந்தது. உதவியது, அந்த ஏளனத்துக்குள் இருந்த துல்லியமான ஒரு கவனிப்பு. அதை மரியாதையோடும் சொல்லியிருக்கலாம், பலன் அதேதான் இருந்திருக்கும். "அழகான கேம், குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்று எல்லோரும் எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

பிடிக்காவிட்டால் ரிஃபண்ட் வாங்கிக்கொண்டு போ என்பதும் பதிலாகாது. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பிவிடும். 'சம்மர் ஆஃப் 58' என்ற ஹாரர் கேம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நல்ல விமர்சனங்கள் வந்தும் ரிஃபண்டுகள் அதிகமாகி, அதன் டெவலப்பர் 2021-இல் கேம் செய்வதையே நிறுத்திவைப்பதாக அறிவித்தார். திரும்பிப் போன பணம் எந்த அறையில் எது தவறியது என்று சொல்வதில்லை.

நம்மூர்ப் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நண்பர்களிடம் தமிழில் சொல்லும்போது, படிக்கட்டில் மூன்றாவது படியில் என்ன கேட்டது, எப்போது முதுகு சில்லிட்டது என்று அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார்கள். டெவலப்பருக்கு எழுதும்போது ஆங்கிலத்தில் 'நைஸ் கேம்' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. நண்பரிடம் சொன்னதைச் சொன்னபடி தமிழிலேயே எழுதி அனுப்பலாம். வேண்டுமென்கிறவர் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்வார்.

கடைசியாக, ஹாரர் தூய்மைவாதிகளின் கோட்டை. பயந்தவர் கேட்டார் என்பதற்காக விருப்பத்தேர்வுகளைச் சேர்த்தால் திகில் செத்துவிடும் என்கிறார்கள். 'லெத்தல் கம்பெனி' 2023-இல் வந்தது, அதுவும் ஒற்றை ஆளின் வேலை. அதில் சிலந்தியைப் பார்க்கவே முடியாதவர்களுக்காக ஒரு அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தால் சிலந்தியின் உடலுக்குப் பதிலாக 'ஸ்பைடர்' என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் நகர்ந்து வரும். இருட்டுக் குகையில் அந்த எழுத்துகள் தன்னை நோக்கி விரைந்து வரும்போது நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் யாரும் இல்லை, எல்லோரும் ஓடத்தான் செய்கிறார்கள்.

அம்னீசியாவைச் செய்த ஃப்ரிக்ஷனலின் 'சோமா' 2015-இல் வந்தது. கடலடி ஆய்வுநிலையம் ஒன்றில், மனித மனம் உடலை விட்டு இயந்திரத்துக்குள் போனால் அது யார் என்ற கேள்விதான் அதன் உண்மையான திகில். கதை மனதைப் பிசைகிறது, ஆனால் நிலையத்தில் திரியும் பிராணிகளிடம் திரும்பத் திரும்பச் சாவது அதைக் குறுக்கே வந்து கெடுக்கிறது என்று ஆடிய பலர் சொன்னார்கள். ஆடுகிறவர்களில் ஒருவர், பிராணிகள் தாக்காதபடி மாற்றம் செய்து வெளியிட்டார், பலரும் அதைப் பயன்படுத்தினார்கள். குழு அதைத் துரோகமாகப் பார்க்கவில்லை. 2017 டிசம்பரில் தாங்களே 'சேஃப் மோட்' ஒன்றைச் சேர்த்தார்கள். பிராணிகள் அங்கேயே இருக்கும், நெருங்கியும் வரும், கொல்ல மாட்டா. கையில் ஆயுதமில்லாமல் அவற்றின் பக்கத்தில் நின்று, ஒரு காலத்தில் இது மனிதனாக இருந்திருக்குமோ என்று உற்றுப்பார்க்க நேரம் கிடைத்தவர்கள், வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு தூங்கியதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பழைய முறையில் துரத்தப்பட்டுச் சாக விரும்புகிறவருக்கு அதுவும் மெனுவில் அப்படியே இருக்கிறது. யாருக்கும் எதுவும் பறிபோகவில்லை.